நான் நடாத பேர்ச் மரங்கள்

என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஏழு பேர்ச் மரங்கள் நின்றன. யார் கேட்டாலும் அவற்றை நான் நடவில்லை என்றுதான் சொல்வேன். அது உண்மை. நான் சொன்ன உண்மைகளுக்குள் அதிகம் கள்ளம் கலந்தது அதுதான்.

நோர்வேயில், பியோர்ண்டால் என்ற இடத்தில் எங்களுடையது வரிசை வீடு. எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் கிழக்கு மேற்காக ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லோருக்கும் தெற்குப் பக்கம் ஒரு துண்டு வளவு. நடுவில் வேலி கிடையாது, வளவு முடிகிற இடத்தில் காடு தொடங்கும். எனக்குக் கிழக்குப் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். அந்த வீடு விலைக்கு வருகிறது என்று அவருக்குச் சொன்னவளே நான்தான். மகள் படிக்கப் போன பிறகு நான் தனியாள். பக்கத்தில் ஒரு தமிழ்ச் சனம் இருந்தால் ஆபத்து அந்தரத்துக்கு உதவும் என்று நினைத்தேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டினேன்.

எல்லையில், என் பக்கம் இரண்டடி உள்ளே, ஒரு பெரிய பேர்ச் நின்றது. வெள்ளைப் பட்டையும் தொங்குகிற மெல்லிய கிளைகளும் உள்ள மரம். நோர்வேக்காரர் பியோர்க் என்பார்கள். எனக்கு அது அழகுக்காகத் தேவைப்படவில்லை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம் இரவு வேலை செய்தேன். காலை எட்டரைக்கு வந்து படுப்பேன். கோடையில் அந்த நேரம் சூரியன் என் யன்னலுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். சூரியனுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் இருந்தது அந்த மரம் ஒன்றுதான். பேர்ச் இலை சின்னது, நிழலும் ஐதானது. ஆனாலும் போதுமாக இருந்தது. அதன் தயவில் பிற்பகல் மூன்று மணி வரை நித்திரை கொண்டேன்.

அதே மரம் மாலையில் மேற்கு வெயிலை மறித்து அண்ணையின் டெரஸில் நிழல் போட்டது. இந்த நாட்டில் மாலை வெயில் இல்லாத வீட்டை ஒருவரும் வீடாக மதிப்பதில்லை. ஊரில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு திரிந்த மனிதர் இங்கே வெயிலுக்கு வழக்குப் பேசினார்.

"தங்கச்சி, உந்த மரத்தை என்ன செய்யலாமெண்டு ஒருக்கால் யோசியுங்கோவன்" என்பார்.

"யோசிக்க என்ன இருக்கு அண்ணை? அது தன்ரை பாட்டிலை நிக்குது" என்பேன்.

எட்டு வருடத்துக்கு முன் ஏப்ரல் கடைசியில் டுக்னாட் நடந்தது. டுக்னாட் என்றால் குடியிருப்புச் சனம் எல்லாம் ஒரு நாள் கூடி, குளிர்காலக் குப்பையைக் கூட்டி, முன்பக்க வேலிக்குப் பெயின்ற் அடித்து, கடைசியில் சொசேஜ் சுட்டுத் தின்கிற சிரமதானம். அண்ணை அந்த வருடம் நிர்வாகக் குழுவில் இருந்தார். நான் இரவு வேலை முடிந்து வந்து, காதுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். பதினொரு மணிக்கு முகத்தில் சுட்டது. எழும்பிப் பார்த்தால் யன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. வானம் மட்டும் இருந்தது. கீழே மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. அடிக்கட்டையை ஒரு மெசின் அரைத்துக்கொண்டிருந்தது. அண்ணை கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் சேந்துதான் வெட்டினது, தங்கச்சி. நீங்கள் டுக்னாட்டுக்கு வரேல்லை, கேக்கேலாமல் போச்சு."

"கதவைத் தட்டியிருக்கலாமே."

"நித்திரையைக் குழப்பக் கூடாதெண்டுதான்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே கோபம் ஆறியிருக்குமோ என்னவோ. வளவு முழுவதும் குடியிருப்புக்குப் பொது, வெட்ட நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று கடிதமும் வைத்திருந்தார். சட்டப்படி எனக்கு ஒரு சுள்ளிகூடச் சொந்தமில்லை.

அன்று பின்னேரமே குவித்துக்கிடந்த கிளைகளில் நேரானவையாகப் பார்த்து இருபது எடுத்தேன். நுனியைச் சீவி, அடியைச் சரித்து வெட்டி, எல்லை நெடுக வேலிக் கதியாலாகக் குத்தினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவளும் அதைத்தான் செய்வாள். கிளுவைத் தடியை வெட்டிக் குத்திவிட்டால் அது வேர் விட்டு வேலியாகிவிடும். பூவரசும் அப்படித்தான், முருங்கையும் அப்படித்தான். பேர்ச்சுக்கு வேறு சட்டம் என்று எனக்கு யார் சொன்னது? பத்து நாளில் குத்திய தடியெல்லாம் மொட்டு வெடித்து எலிக் காது மாதிரிப் பச்சை இலை விட்டது. வாய் விட்டுச் சிரித்தேன்.

அண்ணையும் அதே ஊர்ப் பிறவி அல்லவா? அவரும் நம்பிவிட்டார். நான் வேலைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தன் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி என் பக்கத்தில் குத்தினார். வந்து பார்த்து நான் திரும்ப எல்லையில் குத்தினேன். மே மாதம் முழுக்க இப்படியே நடந்தது. மேற்குப் பக்கத்து நோர்வேக்காரக் கிழவி டெரஸில் கோப்பியோடு இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். செத்த தடிக்கு இரண்டு தமிழர் எல்லைச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். வெட்டிய தடியில் மிச்சமிருந்த நீரில் வந்த இலைதான் அது. யூன் நடுவில் இருபதும் காய்ந்து விறகாகிவிட்டன.

அதற்குள் என் நித்திரை போய்விட்டது. கறுப்புத் திரை போட்டேன். யன்னலைப் பூட்டினால் அறை வெந்தது, திறந்தால் திரை ஆடி ஆடி வெளிச்சம் கண்ணில் அடித்தது. மூன்று மணித்தியாலம், சில நாள் இரண்டு மணித்தியாலம் நித்திரை. யூலையில் ஒரு நாள் வேலையில் ஒருவருடைய மருந்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் வரை நன்றாக நித்திரை கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை. பிழையை நானே எழுதிக் கொடுத்தேன். மருந்து அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பை என்னிடமிருந்து வாங்கினார்கள். பதினான்கு வருடம் கழுத்தில் கிடந்த திறப்பு. பிறகு பகல் வேலைக்கு மாற்றினார்கள். ஆட்களைக் குளிக்கவார்ப்பது, உணவு தீத்துவது, படுக்கை மாற்றுவது. அவை கேவலமான வேலை அல்ல. ஆனால் நம்பிக் கொடுத்திருந்ததைத் திருப்பி வாங்கினால் வலிக்கும். எனக்கு வலித்தது.

ஆவணியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபத்துக்குப் போனேன். சாப்பாட்டு வரிசையில் ஐம்பது சனம் நிற்க, அண்ணை எனக்குப் புத்தி சொன்னார். "தங்கச்சி, நித்திரை இல்லாமல் வேலைக்குப் போகக்கூடாது. மருந்து மாத்திக் குடுத்திட்டியளாமே. ஆரின்ரையாவது உயிர் போனால்?" என்னிடம் சொல்கிற சாட்டில் எல்லோருக்கும் சொன்னார். மரத்தை வெட்டியதை நான் மன்னித்திருப்பேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இந்த மனிதருடைய மாலை வெயிலை நான் எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கல்ல, அவர் இருக்கும்வரை.

குடியிருப்பின் விதிப்படி அனுமதி இல்லாமல் மரம் நட முடியாது. அப்படியானால் நடாமல் மரம் வர வேண்டும். அது எப்படி என்று பேர்ச்சிடமே கற்றேன். பகையாளியைப் பற்றிக்கூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. நூலகத்திலிருந்து மரங்கள் பற்றிய நோர்வேஜியப் புத்தகத்தை எடுத்து அகராதியோடு வாசித்தேன். வாசித்ததை பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் தெருவில் சரிபார்த்தேன். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் முந்தின வருடம் தண்ணீர்க் குழாய் போட மண்ணைக் கிண்டி மூடியிருந்தார்கள். கிண்டாத இடத்தில் புல் மட்டும் நின்றது. கிண்டிய இடம் நெடுகக் கீரைப் பாத்தி மாதிரிப் பேர்ச் கன்றுகள் நின்றன. லில்லெஸ்ட்ரோம் என்ற ஊருக்கு ரயிலில் போகும்போது தண்டவாளக் கல்லுக்குள் நின்றன. எரிந்த காடு, சரிந்த மலை, கைவிட்ட வயல் என்று எங்கே மண் வெறுமையாகக் கிடக்கிறதோ அங்கே முதல் ஆளாக வருவது பேர்ச்தான். விதை தவிட்டுத் துகள் அளவு, இரண்டு பக்கமும் செட்டை. காற்று கொண்டுபோய் எங்கும் கொட்டும். ஆனால் புல்லுக்குள் விழுந்தால் அது முளைக்காது. மண்ணுக்குள் புதைத்தாலும் முளைக்காது. வெறும் மண்ணின் மேலே கிடக்க வேண்டும், முதல் சில கிழமை ஈரம் காயக்கூடாது, வெளிச்சம் நேரே விழ வேண்டும். தன் தாயின் நிழலைக்கூட அது தாங்காது. குளிர், பனி, வறண்ட மண், புளித்த மண் எல்லாவற்றையும் பொறுக்கும். நிழலை மட்டும் பொறுக்காது. இந்தக் கடைசிக் குணம் அண்ணைக்கும் இருந்தது.

பேர்ச்சில் இரண்டு சாதி உண்டு என்றும் அறிந்தேன். ஒன்று நீர் வடிகிற, சூடான தாழ் நிலத்தில் நிற்கும், நுனிக் கிளை சொரசொரப்பாகத் தொங்கும், நல்ல உயரம் போகும். மற்றது சதுப்பிலும் மலையிலும் நிற்கும், கிளையில் மெல்லிய மயிர் இருக்கும், அவ்வளவு உயராது. எங்கள் காட்டு விளிம்பில் இரண்டும் நின்றன. எனக்கு உயரம் வேண்டும். என் வளவோ களிமண், தண்ணீர் தேங்கும். ஆகவே ஒக்டோபரில் எல்லை நெடுக ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லைத் தோலுரித்து எடுத்தேன். மண்ணோடு மணலும் சிறு கல்லும் கலந்து வடிய விட்டேன். அண்ணை டெரஸில் நின்று பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பூப் பாத்தியோ?"

"ஓம் அண்ணை, பாப்பம் என்ன வருதெண்டு."

குளிர்காலம் முழுவதும் காற்று காட்டிலிருந்து அடித்தது. பனியின் மேல் சின்னச் சின்னச் செட்டைகள் கிடந்ததை நான் கண்டேன், அவர் காணவில்லை. மே மாதம் மண்ணில் பச்சைத் தூள் தூவியது போல் ஆனது. வேலை முடிந்து வந்து பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தலால் தினமும் இரண்டு தரம் தெளித்தேன். என் மகளுக்கே அவ்வளவு பக்குவமாகப் பால் கொடுத்திருப்பேனோ தெரியாது. களையாக வந்த புல்லை விரலால் கிள்ளினேன். இரண்டாம் வருடம் நூறில் ஏழு கன்றை விட்டு மற்றதைப் பிடுங்கினேன். ஏழும் தொங்குகிற சாதி, ஏழும் அவருடைய கதிரைக்கு நேரே மேற்கில். கால் வைத்துவிட்டால் பேர்ச் ஓடும். மூன்றாம் வருடம் என் தோள், நாலாம் வருடம் என் தலைக்கு மேலே. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்.

அண்ணை முறைப்பாடு செய்தார். அப்போது அவர் நிர்வாகத்தில் இல்லை. தலைவி ஒரு நோர்வேக்காரப் பெண். வந்து பார்த்து, நீ நட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். தானாக முளைத்ததா என்றாள். ஓம், காட்டிலிருந்து விதை வந்தது என்றேன். அவள் ஒரு தண்டைத் தடவி, வெட்டிய மரத்துக்குப் பதிலாகக் காடே அனுப்பியிருக்கிறது, எவ்வளவு அழகு என்றாள். அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று பின்னேரம் எனக்கு மட்டும் பாயாசம் காய்ச்சினேன்.

பேர்ச் வேர் ஆழம் போகாது, மேல் மண்ணில் படர்ந்து தண்ணீரை உறிஞ்சும். ஆறாம் வருடம் அவருடைய புல் எல்லைப் பக்கம் காய்ந்து பாசி பிடித்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் அவருடைய டெரஸில் ஒரு சல்லிக் காசளவு வெயில்கூட விழவில்லை. அவர் கதிரையை இழுத்து இழுத்து மூலைக்கு வந்து, ஒரு நாள் உள்ளே கொண்டுபோனார். எனக்கு நிழல் தேவைப்பட்டதா? இல்லை. நான் பகல் வேலைக்காரி, இரவில் படுக்கிறேன். ஒன்றுக்கும் தேவையில்லாமல்தான் வளர்த்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வருடம் தை மாதம் அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். இடது பக்கம் இழுத்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் பின்னேரத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் டெரஸில் கொண்டுவந்து வைப்பார்கள், யூலையிலும் போர்வையோடு. அக்கா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என்னைக் கண்டால் நல்ல கையைத் தூக்குவார். நானும் கையைத் தூக்குவேன். மரம் அறுக்கிற வாள் களஞ்சிய அறையில் இருந்தது, நான் எடுக்கவில்லை.

செப்டெம்பரில் அண்ணை என் கதவைத் தட்டினார். அதற்கு முன் ஏழு வருடம் அவர் என் வாசல் மிதித்ததில்லை.

"அவவுக்கு வெயில் வேணுமாம், தங்கச்சி. வெயில் எண்டு மட்டும்தான் வடிவாச் சொல்றா. அந்த மரங்களை..."

"வெட்டுறன் அண்ணை. நீங்கள் ஒண்டு செய்யவேணும். அண்டைக்கு எந்த மண்டபத்திலை சொன்னியளோ, அந்த மண்டபத்திலை, அந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லுங்கோ. நான் படுத்திருக்கேக்கை மரத்தை வெட்டினது நீங்களெண்டும், என்ரை இரவு வேலை போனது அதாலையெண்டும்."

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சனத்துக்கு முன்னாலை எப்பிடித் தங்கச்சி" என்றார். பிறகு போய்விட்டார். ஆறு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியைவிட மானம் பெரிதாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் மார்ச்சில் அதே மண்டபத்தில் ஒருவரின் அறுபதாவது பிறந்தநாள். வாழ்த்துரை சொல்லக் கூப்பிட்டபோது அண்ணை எழும்பி மைக்கை வாங்கினார்.

"எட்டு வருசத்துக்கு முன்னம் இந்தத் தங்கச்சி வேலையிலை மருந்தை மாத்திக் குடுத்தவ எண்டு நான் இஞ்சை நிண்டு கதைச்சனான். அவவின்ரை நித்திரையைக் கெடுத்தது நான். அவ படுத்திருக்கேக்கை மரத்தை வெட்டினது நான். அவவிலை பிழை இல்லை. என்னை மன்னிக்கவேணும்."

இருநூறு சனம் திரும்பி என்னைப் பார்த்தது. எட்டு வருடம் நான் கனவு கண்ட நேரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அது ஐந்து நிமிடம் நீடித்திருக்கும். பக்கத்தில் இருந்த இளம் பெண் ஒருத்தி வடையைக் கடித்தபடி கேட்டாள்.

"அக்கா, நீங்களே அந்த மருந்து மாத்திக் குடுத்தது? ஆரும் செத்துப்போச்சினமோ?"

அவள் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. எதிரே இருந்த மூத்தவரோ, "என்ன மருந்து? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையே" என்றார். அப்போதுதான் விளங்கியது. எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். மறந்து எத்தனையோ வருடம். நான் ஒருத்திதான் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அண்ணை அதை எடுத்துத் தூசு தட்டி, மைக்கில், எனக்காக, எல்லோருக்கும் திரும்பக் கொடுத்துவிட்டார். வீடு போகுமுன் நாலு பேர் கேட்டார்கள். தன் மாமியாரை முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிற ஒருத்தி, எந்த இல்லம் அக்கா என்று மெதுவாக விசாரித்தாள். மரம் ஒருவருக்கும் ஞாபகமில்லை, மருந்து மட்டும் நின்றது.

அவர் மன்னிப்புக் கேட்டாரா, கணக்குத் தீர்த்தாரா? முகம் அழுத முகம்தான். ஆனால் நிர்வாகத்தில் இருந்தவர், ஒரு கூட்டத்தில் எதைச் சொன்னால் எது மிஞ்சும் என்று தெரிந்தவர். இன்றைக்கும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. கேட்டதே நான்தானே, யாரிடம் போய் முறையிடுவது?

சொன்ன சொல் சொல்தான். அடுத்த நாளே வாளை எடுத்தேன். நிலத்தில் பனி கிடந்தது, மரத்தில் நீர் ஏறத் தொடங்கவில்லை. ஏழு மரத்தையும் நிலத்துக்கு ஒரு சாண் மேலே, மழைத் தண்ணீர் தங்காமல் சரிவாக, பட்டை கிழியாமல் அறுத்தேன். அண்ணை தன் யன்னலில் நின்று தலையை ஆட்டினார். அக்கா கையைத் தூக்கினார். மாலை வெயில் அவருடைய டெரஸ் முழுவதும் விழுந்தது. உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. முதிர்ந்த பேர்ச்சை வெட்டினால் பெரும்பாலும் அதோடு சரி. இளசை, இலை வருமுன், நீர் ஏறுமுன் வெட்டினால் அது சாகாது. வேர் முழுதாக இருக்கும், அடியில் தூங்குகிற மொட்டெல்லாம் எழும்பும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு வரும். இப்போது யூன் மாதம். ஏழு கட்டையிலும் முழங்கால் உயரத்துக்குத் தளிர். நேற்று அண்ணை எல்லையில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"உது பேந்தும் வளருமோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. முந்தினதைவிடக் கெதியா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்காவுக்கு இன்னும் மூன்று நாலு வருட வெயில் இருக்கிறது, அது அவருக்கு நான் கொடுத்தது. அதற்குப் பிறகு அண்ணை எந்த மண்டபத்தில் ஏறி நின்று என்ன சொன்னாலும், நான் வாளை எடுக்கப் போவதில்லை.